துடக்கில்லாத வீடு

பண்டிகை என்றால் எனக்குப் பயம். சிரிக்க வேண்டாம். என்னோடு படித்து, என்னோடு நரைத்து, இப்போது என்னைப்போலவே காலையில் சீனிக்கு ஒன்று, பிறசருக்கு ஒன்று என்று குளிசை விழுங்குகிற உங்களிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்வது? நீங்கள் பாம்புக்குப் பயப்படுகிறீர்கள், இரத்தப் பரிசோதனைக்குப் பயப்படுகிறீர்கள். நான் பொங்கல் பானைக்குப் பயப்படுகிறேன். மார்கழி முடியும்போதே எனக்கு வயிறு இளகத் தொடங்கிவிடும். வீட்டுக்காரி அதைக் குளிரென்று நினைத்து இஞ்சிக் கோப்பி போட்டுத் தருவாள். கலியாணம் கட்டிய நாளிலிருந்து, வராத குளிருக்கு நான் அதைக் குடித்து வருகிறேன்.

இந்த வியாதி எனக்குத் தொற்றியது ஒரே ஒரு வருடத்தில். எண்பத்து மூன்று ஆடியிலிருந்து எண்பத்து நான்கு ஆடி வரைக்கும். அந்த வருடம் யாழ்ப்பாணத்துக் கொக்குவிலில் எங்கள் வீட்டைப்போல் பண்டிகை கொண்டாடிய வீடு வேறு கிடையாது. பணக்கார வீடுகள் இரண்டு பண்டிகையைத் தவறவிட்டிருக்கும். நாங்கள் ஒன்றையும் விடவில்லை. பஞ்சாங்கத்தில் இருந்ததையும் கொண்டாடினோம், இல்லாததையும் கொண்டாடினோம். இப்போது நினைத்தாலும் களைப்பாக இருக்கிறது.

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அப்பா வரவில்லை, அவரைப் பற்றிய உறுதியான சேதியும் வரவில்லை. இந்தக் கதையில் அதற்காக நீங்கள் காத்திருக்க வேண்டாம். அந்த வேலையை நாங்கள் போதுமான அளவு செய்தாயிற்று.

அப்பா கொழும்பில் ஓர் இரும்புச் சாமான் கடையில் வேலை பார்த்தார். வீட்டுக்கு வருவது பண்டிகைக்குத்தான். அதனால் எனக்கும் அக்காவுக்கும் பண்டிகையும் அப்பாவும் ஒரே ஆள். மெயில் வண்டி காலையில் கொக்குவில் ஸ்ரேசனில் மூச்சு வாங்கிக்கொண்டு நிற்கும். அப்பா தண்டவாளத்தைக் கடந்து, மண்ணிறத் தோல் சூட்கேசைத் தூக்கிக்கொண்டு, தூக்க முடியாதவர்போல ஒரு பக்கம் சரிந்து நடந்து வருவார். அந்தச் சரிவு நடிப்பு. பெட்டிக்குள் கனக்க இருக்கிறது என்று நாங்கள் நினைக்க வேண்டுமாம். திறந்தால் பிஸ்கட், சவர்க்காரம், இரும்புத்துரு மூன்றும் கலந்த ஒரு வாசம் வரும். அந்த வாசத்தை நான் பிறகு எங்கும் முகரவில்லை. முகர்ந்தால் ஓடித்தான் போவேன் என்று நினைக்கிறேன்.

அந்த வருடம் ஆடிப்பிறப்புக்கும் வந்தார். பனங்கட்டிக் கூழைப் பிலாவிலையால் அள்ளிக் குடித்து, வியர்த்து, இன்னும் கொஞ்சம் வாங்கிக் குடித்து, அடுத்த நாள் வண்டியேறிப் போனார். அடுத்த கிழமை கொழும்பு எரிந்தது.

தப்பிய தமிழ்ச் சனம் கப்பல்களில் காங்கேசன்துறைக்கு வந்து இறங்கியது. அம்மா ஒவ்வொரு கப்பலுக்கும் போய் நின்றார். அப்பாவின் அண்ணன், எங்கள் பெரியப்பா, சைக்கிளில் போய் நின்றார். இரண்டு பேர் சேதி கொண்டுவந்தார்கள். ஒருவர், அகதி முகாமில் சாப்பாட்டு வரிசையில் அப்பாவைக் கண்டதாகச் சொன்னார். மற்றவர், கதவு பூட்டியபடியே கடை எரிந்ததைக் கண்டதாகச் சொன்னார். இரண்டு பேருமே நல்ல மனிதர்கள். எங்கள் வீட்டில் தேத்தண்ணி குடித்து, ஒரே மாதிரிச் சத்தியம் செய்து, ஒரே மாதிரித் தலையைக் குனிந்துகொண்டு போனார்கள்.

பிரச்சினை இங்கேதான் தொடங்கியது. எங்கள் பக்கத்தில் ஒரு வீட்டில் சாவு விழுந்தால் அந்த வீட்டுக்குத் துடக்கு. மற்ற ஊர்களில் தீட்டு என்பார்கள். செத்தவீடும் முப்பத்தோராம் நாள் அந்தியேட்டியும் முடியும்வரை கோயில் இல்லை. ஒரு வருடத்துக்கு அந்த வீட்டில் பொங்கல் இல்லை, தீபாவளி இல்லை, வருசப்பிறப்பு இல்லை. அயலவர்கள் பலகாரம் கொண்டுவந்து கொடுப்பார்கள். துடக்கு வீட்டுக்காரர் வாங்குவார்கள், திருப்பி ஒன்றும் கொடுக்க மாட்டார்கள். ஆக, பண்டிகை நாளில் அடுப்பில் எண்ணெய்ச் சட்டி வைத்தால் அப்பா இருக்கிறார். வைக்காவிட்டால் இல்லை. அரசாங்கமும் சொல்லவில்லை, பொலிசும் சொல்லவில்லை. எங்கள் குசினிதான் சொல்லவேண்டியிருந்தது.

அம்மா எண்ணெய்ச் சட்டியை வைத்தார்.

முதலில் வந்தது ஆவணியில் எங்கள் பிள்ளையார் கோயில் திருவிழா. அதில் ஒரு நாள் எங்கள் குடும்பத்தின் உபயம். அப்பாவும் பெரியப்பாவும் வெறும் மேலோடு, வேட்டிக்கு மேல் சால்வையை இறுக்கிக் கட்டிக்கொண்டு முன்னுக்கு நிற்பார்கள். ஐயர் முதல் மரியாதையான வெற்றிலைபாக்குக் காளாஞ்சியைப் பெரியப்பாவின் கையில் கொடுப்பார். அந்த ஒரு நாளுக்காகத்தான் பெரியப்பா வருடம் முழுவதும் தலைமயிரைக் கவனமாகப் பராமரித்தார் என்று அக்கா சொல்வாள். தம்பிக்குச் சாவென்றால் அண்ணனுக்கும் துடக்கு. காளாஞ்சி வேறு ஆளிடம் போய்விடும். பெரியப்பா ஐயரிடம் போய்த் தெளிவாகக் கதைத்துவிட்டு வந்தார். சேதி கேட்ட நாளிலிருந்துதான் துடக்காம். உறுதியான சேதி வரவில்லையாம். ஆகவே தம்பி உயிரோடு இருக்கிறானாம்.

திருவிழா நல்லபடியாக முடிந்தது. நாதஸ்வரக்காரர் கன்னம் வீங்க ஊதினார். பெரியப்பா காளாஞ்சி வாங்கினார். மற்றக் கிழமையே வீட்டுக்கு வந்து அம்மாவுக்கு முன்னால் கதிரையை இழுத்துப்போட்டு இருந்து, எவ்வளவு நாளைக்குத்தான் இப்படி, காரியத்தைச் செய்துவிடுவோம் என்றார்.

அம்மா பாக்கு வெட்டிக்கொண்டிருந்தார். நிமிரவில்லை. "திருவிழாவண்டு உங்கடை தம்பி இருந்தவர்தானே. பேந்து எப்ப செத்தவர்?"

பெரியப்பா எழும்பிப் போய்விட்டார். அக்கா அறைக்குள் போய்த் தலையணையை வாய்க்குள் வைத்துச் சிரித்தாள். நானும் சிரித்தேன். பிறகு ஏன் சிரித்தோம் என்று இரண்டு பேருக்கும் தெரியவில்லை.

என் நிலைமையைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். எனக்குப் பத்து வயது. பயப்படுவதில் ஊரில் முதலாம் பிள்ளை நான். அப்பா செத்திருந்தால், துடக்கோடு கோயிலுக்குள் போய்ப் பிள்ளையாரைக் கும்பிடுகிறோம். கண் அவிந்து போகும் என்று வகுப்பில் ஒருவன் சொல்லியிருந்தான். அப்பா இருந்தால், அவர் இல்லையென்று நான் மனதில் நினைக்கிற ஒவ்வொரு தடவையும் நானே அவரைக் கொல்கிறேன். இதனால் நான் கோயிலில் ஒரு கண்ணை மூடிக்கொண்டு கும்பிடத் தொடங்கினேன். அவிந்தால் ஒன்றாவது மிஞ்சட்டும் என்று. ஐயர் என் கண்ணில் வருத்தம், ஏதோ நோய் என்று நினைத்து நந்தியாவட்டைப் பூ பிடுங்கித் தந்தார்.

நவராத்திரி வந்தது. அவலும் கடலையும் படைத்தோம். சரஸ்வதி பூசைக்குப் புத்தகம் அடுக்கியபோது என் கணிதப் புத்தகத்தை மட்டும் ஆக அடியில் வைத்தேன், சரஸ்வதிக்கும் அதைப் பார்க்கப் பிடிக்காது என்று. கந்தசஷ்டி வந்தது. அம்மா விரதம் பிடித்து, பால் மட்டும் குடித்து, நாளுக்கு நாள் மெலிந்து, சூரன்போர் பார்க்கப் போனபோது காற்றுக்கு ஆடினார். எல்லாப் பண்டிகைக்கும் ஒரே ஏற்பாடு. காலையில் முற்றம் கூட்டித் தண்ணீர் தெளிப்பார். அப்பாவின் வேட்டியைத் தோய்த்துக் காயப்போடுவார். மெயில் வண்டி வந்து போகிற சத்தம் கேட்கும்வரை சமையலைத் தொடங்க மாட்டார். வண்டி போய், தண்டவாளத்தின் அதிர்வும் அடங்கியபிறகு, "சரி, அடுப்பை மூட்டுவம்" என்பார். அவ்வளவுதான். அழுது நான் காணவில்லை.

கந்தசஷ்டிக்கு முந்திய தீபாவளியன்று பின்வளவு மாமி ஒரு தட்டத்தில் பலகாரம் மூடிக் கொண்டுவந்தார். எங்கள் பின்வேலியில் இருந்த ஓட்டைப் பொட்டுக்குள்ளால்தான் வழக்கமாக வருவார். அன்று றோட்டால் சுற்றி, படலையைத் திறந்து வந்தார். துடக்கு வீட்டுக்குக் கொடுக்கிறவர்கள் அப்படித்தான் வருவார்கள். வெள்ளைச் சீலை. முகத்தில் அந்த முகம். செத்தவீட்டுக்கு என்று எல்லோரும் ஒன்று வைத்திருக்கிறோமே, அது.

எங்கள் வீட்டுக்குள் அப்போது வடை பொரிந்துகொண்டிருந்தது. வாசம் படலை வரைக்கும் போயிருக்கும். மாமி தயங்கி நின்றார். அம்மா தட்டத்தை இரண்டு கையாலும் வாங்கினார். வாங்கிவிட்டார், முடிந்தது, அப்பா போய்விட்டார் என்று நினைத்தேன். அம்மா உள்ளே போய், மாமியின் பலகாரத்தை எங்கள் சுளகில் கொட்டி, அதே தட்டத்தை எங்கள் வடையாலும் முறுக்காலும் நிரப்பி, ஒரு வாழைப்பழச் சீப்பையும் வைத்துத் திருப்பிக் கொண்டுபோனார்.

"இந்தாங்கோ. எங்கடை வீட்டிலையும் தீபாவளிதான்."

"பிள்ளை, நான் நல்லதுக்குத்தான்..."

"நானும் நல்லதுக்குத்தான் தாறன் அக்கா. வாங்குங்கோ."

மாமி அந்தத் தட்டத்தை வாங்கலாமா கூடாதா என்று நின்றார். துடக்கு வீட்டுச் சாப்பாடாக இருந்தால் வாங்கக் கூடாது. வாங்காவிட்டால், கூடப்பிறவாத சகோதரியின் முகத்துக்கு நேரே உன் புருசன் செத்துப்போனான் என்று சொன்னதாகிவிடும். கடைசியில் வாங்கினார். பின்வேலிப் பொட்டுக்குள்ளால் போனார். அன்று பின்னேரம் நான் வேலியால் எட்டிப் பார்த்தேன். மாமி எங்கள் வடையைச் சாப்பிடவும் முடியாமல் எறியவும் முடியாமல் குந்திக்கொண்டிருந்தார். பிறகு கண்ணை மூடிக்கொண்டு ஒன்றைக் கடித்தார். நான் கோயிலில் செய்கிறதுதான். மனதுக்குள் ஒரு கூட்டாளி கிடைத்த மாதிரி இருந்தது.

கார்த்திகை விளக்கீட்டுக்கு வளவைச் சுற்றிப் பந்தம் குத்தினோம். மார்கழியில் திருவெம்பாவைக்குச் சங்கு ஊதுகிறவர்களோடு குளிரில் சேமக்கலம் தட்டிக்கொண்டு போனேன். அதோடு நின்றிருக்கலாம். அம்மா நிற்கவில்லை. நத்தாருக்கு, அதுதான் கிறிஸ்மசுக்கு, அப்பா கொழும்பிலிருந்து ஒரு கேக் கொண்டு வருவார், நாங்கள் சைவச் சனம் என்பதைக் கேக்குக்கு யாரும் சொல்லவில்லை. அவர் கொண்டு வருகிறதென்றால் அதுவும் எங்கள் பண்டிகைதான் என்பது அம்மாவின் கணக்கு. அவர் வராதபடியால் அம்மாவே ஒரு பிஸ்கட் ரின்னுக்குள் மாவைக் குழைத்து ஊற்றி, கீழேயும் மேலேயும் தணல் போட்டு ஒன்று செய்தார். வெளியே கரி, உள்ளே கூழ். எங்கள் ஒழுங்கைத் தெருவின் தலைப்பில் இருந்த வேதக்காரத் தையல்காரியிடம் ஒரு துண்டு கொடுத்தனுப்பினார். அந்த மனிசி ருசி பார்த்துவிட்டு, யேசு எங்களை மன்னிப்பார் என்று என்னிடம் மெதுவாகச் சொன்னார்.

தைப்பொங்கல் வந்தபோதுதான் சிக்கல் முற்றியது. பானையில் பால் பொங்கினவுடன் வீட்டுத் தலைவர்தான் அரிசியை இரண்டு கையாலும் அள்ளி, பானையை மூன்று தரம் சுற்றிப் போட வேண்டும். பெரியப்பா காலையிலேயே குளித்து, தன் வீட்டுப் பொங்கலை அவசரமாக முடித்துவிட்டு, அரிசி போட வந்து நின்றார். அம்மா வேண்டாம் என்றார். அண்ணன் போட்டால் தம்பி இல்லையென்று ஆகும். அப்படியானால் பெடியன் போடட்டும் என்றார் பெரியப்பா. மகன் போட்டாலும் அதே கருத்துத்தான் என்று அம்மாவுக்குத் தெரியும். பால் நுரைத்து ஏறிக்கொண்டு வந்தது. பால் பொறுக்குமா?

அம்மா என் இரண்டு கையையும் பிடித்து அரிசியை நிரப்பி, "அப்பாவுக்குப் பதிலாப் போடு. உனக்காக இல்லை, பதிலா" என்றார்.

பதிலாக எப்படிப் போடுவது? அப்பா மாதிரிச் சரிந்து நின்று போட வேண்டுமா? பானையைச் சுற்றினேன். முதலாம் சுற்றில் பாதி அரிசி அடுப்புக்குள், இரண்டாம் சுற்றில் மீதி பெரியப்பாவின் காலுக்கு மேல், மூன்றாம் சுற்றில் வெறுங்கை. பெரியப்பா பானைக்குள் எட்டிப் பார்த்து, "உவன் அடுப்புக்கல்லவோ பொங்கினவன்" என்றார். அந்த வருடம் முழுவதிலும் அம்மா வாய்விட்டுச் சிரித்தது அப்போதுதான். சிரித்துக்கொண்டே மிச்ச அரிசியை எடுத்து, ஒருவரையும் பாராமல் தானே போட்டார். பொங்கல் கொஞ்சம் அடிப்பிடித்தது. சாப்பிட்டோம்.

சிவராத்திரி, பங்குனித் திங்கள், வருசப்பிறப்பு எல்லாம் அப்படியே போயின. மருத்துநீர் தலையில் வைத்துக் குளித்தோம். அக்காவின் முழங்கைகளுக்குள் மா வாசம் போகாமல் நின்றுவிட்டது. அவள் பதினாறு வயதில் கிழவி மாதிரி இடுப்பைப் பிடித்துக்கொண்டு எழும்பினாள். ஊர் எங்களைப் பற்றிக் கதைப்பதையும் விட்டுவிட்டது. ஊருக்கு வேறு சோலிகள் வந்துவிட்டன. றோட்டில் ஆமியின் பச்சை வாகனங்கள் கூடின. வெடிச்சத்தம் கேட்டால் அது என்ன பண்டிகையென்று ஒருவரும் கேட்பதில்லை.

ஆனால் சிங்களவரின் புத்த பண்டிகையான வெசாக்கை நாங்கள் கொண்டாடியபோது ஊர் மறுபடி திரும்பிப் பார்த்தது.

அப்பா ஒவ்வொரு வருடமும் கொழும்பிலிருந்து ஒரு வெசாக் கூடு கொண்டு வருவார். மடித்த கடதாசியாகப் பெட்டிக்குள் கிடக்கும். விரித்தால் தாமரை மாதிரி நிற்கும். உள்ளே மெழுகுதிரி வைத்து மாமரக் கொப்பில் கட்டினால் அயல் பிள்ளைகள் எல்லாம் வந்து கீழே நின்று ஆவென்று பார்ப்பார்கள். அந்த வருடம் அம்மா என்னிடம் ஈர்க்கையும் ரிசுப் பேப்பரையும் கோதுமைமாப் பசையையும் தந்து, கட்டு என்றார். கொழும்பு எரிந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. நான் கட்டினேன். தாமரையாக வரவில்லை, பூசணிக்காயாக வந்தது. அம்மா அதை மாமரத்தில் அல்ல, படலையில் கட்டினார். அப்பா இருட்டில் வந்தாலும் வீடு தெரியவேண்டுமாம்.

பொழுது படுகிற நேரம் பெரியப்பா சைக்கிளில் வந்தார். கூட்டைக் கண்டார். சைக்கிள் ஒரு பக்கமும் அவர் ஒரு பக்கமும் விழுந்தார்கள். "உனக்கு விசரே பிள்ளை" என்று மட்டும் கேட்டுவிட்டு, மண்ணைத் தட்டாமல் வந்த வழியே போனார். கொஞ்ச நேரத்தில் மூன்று சைக்கிள்கள் வந்தன. நான் முன்னறைக் கட்டிலுக்கு அடியில் போய்விட்டேன். அங்கே கிடந்து யன்னலால் காதை மட்டும் அனுப்பிக் கேட்டேன்.

இரண்டு பேர் றோட்டிலேயே நின்றார்கள். உள்ளே வந்தவன் பின்வளவு மாமியின் மூத்தவன். சில மாதங்களுக்கு முதல் இயக்கத்துக்கென்று வீட்டை விட்டுப் போனவன். குரல் மாறியிருந்தது.

"மாமி, உதைக் கழட்டுங்கோ."

"ஏன் தம்பி?"

"எங்கடை சனத்தைக் கொளுத்தினவங்கள் அவங்கள். நீங்கள் அவங்கடை விளக்கைக் கொளுத்தி வைச்சிருக்கிறியள்."

"இது அவங்கடை இல்லை. உங்கடை மாமாவின்ரை. நீயும் சின்னனிலை உதுக்குக் கீழை நிண்டு கைதட்டினனி."

றோட்டில் நின்ற ஒருவன் சைக்கிள் மணியைத் தட்டினான்.

"ஊருக்கு நான் என்ன சொல்லுறது?" என்றான் அவன். குரல் கொஞ்சம் பழைய குரலாகியிருந்தது.

"மாமிக்கு விசர் எண்டு சொல்லு. ஒருத்தரும் மறுக்க மாட்டினம்."

அவன் தானே கூட்டை அவிழ்த்தான். மெழுகுதிரியை அணைக்கவில்லை. இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு முன்னறைக்குள் வந்து, கூரை வளையில் இருந்த கொழுக்கியில் மாட்டினான். யன்னலைச் சாத்தினான். அப்போது கீழே என்னைக் கண்டான்.

"உவன் ஏன் இதுக்குள்ளை கிடக்கிறான்?"

"அவன் உப்பிடித்தான். பண்டிகை எண்டாக் கட்டிலுக்குக் கீழைதான்" என்றார் அம்மா.

அவன் சிரித்த மாதிரித்தான் இருந்தது. போய்விட்டான். அவனை நான் கடைசியாகக் கண்டதும் அந்தக் கட்டிலுக்கு அடியில் இருந்துதான். மண் படிந்த செருப்பும் கணுக்காலும்.

ஆனி போய் ஆடி வந்தது. ஆடிப்பிறப்புக்குக் கூழ் காய்ச்சினோம். நான் குடித்தேன், அக்கா குடித்தாள், அம்மா அடுப்படியில் நின்று துழாவிக்கொண்டே இருந்தார், ஏற்கெனவே இறக்கிவைத்த பானையை.

ஒரு வருடம் சுற்றி வந்தாயிற்று. இனி மிஞ்சியிருந்தது ஒரு நாள். எங்கள் ஊரில் தாய் இல்லாதவர்கள் சித்திரா பௌர்ணமிக்கு விரதம் பிடிப்பார்கள். தகப்பன் இல்லாதவர்கள் ஆடி அமாவாசைக்கு. கீரிமலையில் முழுகி, தர்ப்பணம் கொடுத்து, மத்தியானம்வரை ஒன்றும் தின்னாமல் இருந்து, படைத்துவிட்டுத்தான் சாப்பிடுவார்கள். தகப்பன் இருக்கிறவன் அந்த விரதத்தைப் பிடிக்கக் கூடாது. பிடித்தால் தகப்பனுக்குக் கூடாது.

அமாவாசைக்கு முதல் நாள் பின்னேரம் பெரியப்பா வந்தார். இந்த முறை கதிரையை இழுக்கவில்லை, வாசற்படியிலேயே இருந்தார். தலைமயிர் வாரியிருக்கவில்லை. நாளைக் காலையில் என்னைக் கீரிமலைக்குக் கூட்டிக்கொண்டு போகப்போவதாகச் சொன்னார்.

"எனக்கும் ஏலாது பிள்ளை" என்றார் பெரியப்பா. "ஒவ்வொரு கொண்டாட்டத்துக்கும் அவனைச் சாகக் குடுத்து, பேந்து எழுப்பி, பேந்து சாகக் குடுத்து... ஒருக்காச் செத்தாப் போதும் அவன். பாவம்."

அவர் காளாஞ்சிக்காகத்தான் தம்பியை உயிரோடு வைத்திருக்கிறார் என்று ஒரு வருடமாக நாங்கள் மூவரும் நினைத்திருந்தோம். அன்று அவர் மூக்கைச் சால்வையால் துடைத்ததை நினைத்தால், காளாஞ்சி ஒரு சாட்டு, வெறும் சாக்குத்தானோ என்று இப்போது யோசிக்கிறேன். கேட்க அவர் இல்லை.

அம்மா எழுந்து விளக்குக்கு எண்ணெய் விட்டார். விட்டுக்கொண்டே சொன்னார்: "இது பிள்ளையின்ரை விரதம். பெண்சாதிக்கு அதிலை கதையில்லை. அவனைக் கேளுங்கோ."

இரண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள். பொங்கல் அரிசியைப் பெரியப்பாவின் காலில் போட்ட என்னை. நான் காலையில் சொல்கிறேன் என்றேன். பெரிய மனிதர்கள் தப்பிக்கச் சொல்வதைத்தான் நானும் சொன்னேன்.

காலையில் முகம் கழுவிவிட்டுக் குசினிக்குப் போனேன். நீத்துப்பெட்டியிலிருந்து ஆவி பறந்தது. வழக்கம்போலப் பிட்டு. தேங்காய்ப்பூ வாசம். பக்கத்தில் கறுத்தக் கொழும்பான் மாம்பழம் வெட்டி வைத்திருந்தார். என் சாப்பாட்டுக் கோப்பையையும் கழுவி வைத்திருந்தார். ஆகா, அம்மா சாப்பிடத்தான் சொல்கிறார் என்று நினைத்தேன். பலகையை இழுக்கப் போனபோது கவிழ்த்து வைத்திருந்த சுளகில் கை பட்டது. சுளகு நகர்ந்தது. அடியில் ஒரு கைப்பிடி காத்தோட்டிக்காய்.

உங்களுக்கு அதைத் தெரியும். மற்ற நாட்களில் ஒருவரும் சீண்டாத கசப்புக் காய். ஆடி அமாவாசை விரதக்காரரின் சமையலுக்கென்று மட்டும் சந்தைக்கு வருவது. அம்மா அதையும் வாங்கி வைத்திருந்தார். பிட்டும் அவித்து, இதையும் வாங்கி, மூடி வைத்திருந்தார்.

அம்மாவுக்கும் தெரியாது என்பது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. ஒரு வருடமாக நான் பயந்த பயமெல்லாம், அம்மாவுக்குத் தெரியும், எனக்குத்தான் தெரியாது என்ற நம்பிக்கையில் பயந்த சொகுசான பயம். இது வேறு. என் அப்பா என் வயிற்றுக்குள் வந்து இருந்துகொண்டு, என்னடா செய்யப்போகிறாய் என்று கேட்கிற மாதிரி இருந்தது. வெளியே படலையில் பெரியப்பாவின் சைக்கிள் வந்து நின்ற சத்தம் கேட்டது.

நான் பிட்டை அள்ளி வாய்க்குள் போட்டேன். யோசித்துச் செய்தேன் என்று சொல்ல ஆசைதான். யோசிக்கவில்லை. நாய் துரத்தினால் ஓடுகிற மாதிரிச் சாப்பிட்டேன். மாம்பழத்தைத் தோலோடு கடித்தேன். சுடுபிட்டு நாக்கைப் பொசுக்கியது. மூக்கால் தண்ணீர் வந்தது. விக்கினேன். அம்மா செம்பில் தண்ணீர் தந்து, தலையில் தட்டினார்.

"தம்பி வெளிக்கிட்டிட்டியே?" என்று பெரியப்பா வெளியே நின்று கேட்டார்.

அம்மா என் கோப்பையைப் பார்த்தார். பிறகு வாசல் பக்கம் திரும்பி, "அவன் சாப்பிடுறான்" என்றார்.

பிறகு சைக்கிளைத் திருப்புகிற சத்தம்.

நான் அப்பாவைக் காப்பாற்றிவிட்டேன். அப்படித்தான் நினைத்தேன். அம்மா இப்போது சிரிப்பார், கட்டிப்பிடிப்பார் என்று வாய் நிறையப் பிட்டோடு நிமிர்ந்து பார்த்தேன். அம்மா அடுப்புக்கு முன்னால் சுவரில் சாய்ந்து, காலை நீட்டி இருந்தார். அந்த முகத்தில் இருந்தது சந்தோசம் என்றே பல வருடங்களாக நினைத்திருந்தேன். இப்போது, அன்றைய அம்மாவைவிட எவ்வளவோ வயது கூடியபிறகு, அந்த முகத்தை எனக்குத் தெரியும். வைத்தியர் எல்லாம் பார்த்து முடித்துவிட்டு, இன்னொரு பரிசோதனை செய்து பார்ப்போம் என்று சொல்லும்போது, எதிரே இருக்கிற கண்ணாடிக் கதவில் தெரிகிற என் முகம் அது. யாராவது ஒருவர், தான் அல்லாத ஒருவர், போதும் என்று சொல்லட்டும் என்று அம்மா காத்திருந்திருக்கிறார். சொல்லக்கூடிய ஒரே ஆள் மாம்பழச் சாறு முழங்கையால் ஒழுக, இன்னும் கொஞ்சம் பிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தான்.

அம்மா போட்டார். நான் தின்று முடிக்கும்வரை பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கையை நிலத்தில் ஊன்றி மெதுவாக எழும்பி, அறைக்குள் படுத்திருந்த அக்காவைக் கூப்பிட்டார்.

"எழும்பு பிள்ளை. திருவிழா வருது. அரிசி இடிக்கவேணும்."